பங்குனிக்குள் பிரிக்கச் சொன்ன தையல்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தினேஸ்வரியின் குரல் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோப்பெங் வரை கேட்கும். நம்பாதவர்கள் கோப்பெங்கில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருநாள் அவள் ஒரு மாணவனை அதட்டிய அதட்டலில், சாலையின் குறுக்கே போய்க்கொண்டிருந்த உடும்பு ஒன்று பாதியில் நின்று, இடமும் வலமும் பார்த்துவிட்டு, பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோட்டைத் தேடிப் போய் அதன்மேல் ஏறிக் கடந்தது. மனிதர்களில் அந்த அளவு புத்தி உள்ளவர்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. வாழ்க்கைப்பட்ட வீட்டில் அறவே பார்த்ததில்லை.

ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களெல்லாம் செம்பனையாகி, லயத்து வீடுகளை இடித்தபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. கையில் ஸ்டீரிங் பிடித்த நாள் முதல் பிழைப்புக்குக் குறைவில்லை. அவளிடம் படிப்பவர்கள் அவளைச் ‘சிக்கு’ என்பார்கள். மலாயில் ஆசிரியரைக் கூப்பிடும் சொல். மாமியார் சரளா மட்டும் ‘காரோட்டி’ என்பார்.

சரளா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் கார்த்திகேசு இன்னொரு அரசாங்க அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, பஞ்சாங்கம் இல்லாமல் தும்ம வராது. சரளாவின் மகனும் தினேஸ்வரியின் கணவனுமான பவித்ரன், தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். மிகவும் நல்லவன். தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் ஒருவனை நல்லவன் என்றால் வாய் பேசமாட்டான் என்று பொருள்.

தினேஸ்வரிக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. பெரிய வலி கூட இல்லை. அடிவயிறு கனக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தாள். உடனே குடும்பம் கூடித் தீர்ப்பு எழுதியது. காரில் உட்கார்ந்து ஸ்பீடு பம்ப்பில் ஏறி இறங்கியதால் போயிற்று என்றார் சரளா. விளக்கு வைத்த பிறகு தலைக்குக் குளித்ததால் என்றாள் ஒரு சித்தி. அன்னாசி தின்றிருப்பாள் என்றது இன்னொரு கிளை. கார்த்திகேசு ராகுவைக் கைகாட்டினார். கர்ப்பப்பையின் வாய் வலுவில்லாமல், பிரசவ வலி எடுக்குமுன்பே தானாகத் திறந்துகொண்டது என்று டாக்டர் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. நேரமறியாமல் வாய் திறப்பதை அந்த வீட்டில் ஒரு நோயாக யாரும் கருதியதில்லை.

மூன்று வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானபோது இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிரசவத் தேதி வைகாசியில். சரளாவுக்குத் தலைகால் புரியவில்லை. வைகாசி முருகனுடைய மாதம். இரண்டும் ஆண் என்று அவரே முடிவு செய்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் தேதியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்னாசி, பப்பாளி இரண்டும் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று கட்டளை போட்டார். பழக்கடைப் பையன் எங்கள் தெருவுக்குள் வரும்போது அந்த வீட்டுக்கு முன்னால் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போவான்.

முன்னால் நடந்ததை வைத்து டாக்டர் ரஜிதா அவளை அடிக்கடி வரச் சொல்லி, கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாதம் ஒருநாள் ஸ்கேன் திரையையே வெகுநேரம் பார்த்தார்.

“தினேஸ், பிள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்காங்க. வாய்தான் குட்டையாயிடுச்சு. கொஞ்சம் திறந்தும் இருக்கு.”

“போன தடவ மாதிரியா டாக்டர்?”

“அதே மாதிரிதான். ஆனா இந்தத் தடவ முன்னாடியே பாத்துட்டோம். தையல் போடலாம்னு நினைக்கிறேன். ரெட்டைன்னா எல்லாருக்கும் போடறதில்ல. நல்லா மூடியிருக்கிற வாய்க்குப் போட்டா உதவாது, கெடுதலும் வரலாம். உங்களுக்குத் திறந்துடுச்சு, அதனால சொல்றேன். போட்டும் நிக்காம போறது உண்டு. அதையும் சொல்லிடணும்.”

தினேஸ்வரிக்குத் தன் தொழில்தான் நினைவுக்கு வந்தது. கார் சோதனையில் மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்திக் காட்டவேண்டிய இடம் ஒன்று உண்டு. அவளுடைய மாணவர்கள் அதிகம் அழுவது அங்கேதான்.

“மேட்டுல நிக்கிற வண்டி பின்னால உருளுது. ஹேண்ட் பிரேக் போடணும்ங்கிறீங்க. அவ்வளவுதானே. போடுங்க டாக்டர்.”

தையல் போட்டார்கள். இரவில் வைத்துக்கொள்ள ஒரு மருந்தும் கொடுத்தார்கள். பாரம் தூக்காதே, வேலைக்கு லீவு போடு, தண்ணீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ காய்ச்சல் அடித்தாலோ வயிறு இறுகினாலோ அந்த நிமிஷமே வா என்று சொல்லி அனுப்பினார்கள். நாள் முழுதும் படுத்தே கிடக்கவேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார்கள். அதனால் அவள் வீட்டுக்குள் மெதுவாக நடமாடினாள், வாசல் கேட் வரை வந்து காற்று வாங்கினாள். அதைப் பார்த்து எங்கள் தாமானில் நான்கு பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

சரளாவுக்கு இந்த வைத்தியம் பிடிக்கவே இல்லை.

“பொம்பளைய என்னா கோணிச் சாக்குனு நினைச்சாங்களா, வாயத் தச்சு வைக்க? நாங்கள்லாம் பெக்கலையா?”

“புள்ளத்தாச்சி வீட்டுல நூல்ல முடிச்சுப் போடறதே ஆகாது,” என்றார் கார்த்திகேசு. “இவங்க புள்ளத்தாச்சிலயே முடிச்சுப் போட்டிருக்காங்க. இது வெளங்குமா?”

“அவுத்துவுட்டா வெளங்குமா மாமா?” என்றாள் தினேஸ்வரி. “போன தடவ அவுத்துவுட்டுத்தானே பாத்தோம்.”

இப்படியே தை போயிற்று. மாசியும் பாதி போயிற்று. தையல் நின்றது. அப்போதுதான் கார்த்திகேசு, வேலை இல்லாத ஒரு மத்தியானம், விரல் விட்டு எண்ணிப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தார். வைகாசி என்பது ஒற்றைப் பிள்ளைக்குப் போட்ட கணக்கு. இரட்டை என்றால் டாக்டர்கள் அவ்வளவு தூரம் போகவிடமாட்டார்கள். சில வாரம் முன்னாடியே பிறந்துவிடும். சில வாரம் முன்னாடி என்றால் சித்திரை.

சித்திரையில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது, அவன் தெருவுக்கு வந்துவிடுவான் என்று நம்முடைய முன்னோர்கள் சொல்லிவைத்தார்கள். எதற்குச் சொன்னார்கள்? அவர்கள் இருந்த தமிழ்நாட்டில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும், பிள்ளை பெற்றவளும் பிறந்ததும் வாடிப்போகும் என்று சொன்னார்கள். கப்பலில் ஏறி வந்தவர்கள் சட்டி பானையோடு அந்தச் சித்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஈப்போ வெயிலுக்கு மாதம் தெரியாது. இங்கே பன்னிரண்டு மாதமும் மதியம் வரை சித்திரை, சாயங்காலம் ஐப்பசி. இந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் பேராக் மாநிலத்தில் எந்த அப்பனும் வீட்டுக்குள் இருக்க வழியில்லை. ஆனால் அரசாங்கத்துக்கு முப்பது வருஷம் பைல் கட்டியவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

அன்று முதல் சரளாவுக்குத் தையல்மேல் தனிப் பாசம் பிறந்தது. சாக்கு மூட்டை என்று ஏசியவர், இப்போது அதை வீட்டுப் பூட்டு மாதிரி பார்த்தார். சாவி டாக்டரிடம் இருக்கிறது. வேண்டிய நாளில் திறக்கச் சொல்லலாம். இந்த ஞானம் உதித்ததும் அண்ணனும் தங்கையும் அடுத்த பரிசோதனைக்குத் தினேஸ்வரியோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கார்த்திகேசு பஞ்சாங்கத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

“டாக்டரம்மா, பங்குனி கடைசில ஒரு நல்ல நாள் பாத்திருக்கேன். ரெட்டைக்கும் ராஜயோகம். அன்னைக்குத் தையலப் பிரிச்சிட்டா வேலை முடிஞ்சுது.”

டாக்டர் ரஜிதா நாட்காட்டியைப் பார்த்தார். “ஐயா, அது முப்பத்திரண்டு வாரம். நுரையீரல் பக்குவப்பட்டிருக்காது. மூச்சு விடத் திணறிக்கிட்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடப்பாங்க.”

“எங்க சொந்தத்துல ஒருத்தன் எட்டு மாசத்துல பொறந்தவன். இப்ப லோரி ஓட்டறான்லா.”

“அவன மாதிரியே பொறந்து லோரி ஓட்டாம போனவங்கள எண்ணினீங்களா?”

கார்த்திகேசு அதை எண்ணியிருக்கவில்லை. பேச்சை மாற்றினார். “அப்படின்னா வைகாசி பொறக்கிற வரைக்கும் பிரிக்காம வைங்க.”

“வலி எடுத்து வாய் திறக்க ஆரம்பிச்சா அன்னைக்கே பிரிச்சாகணும். இல்லாட்டி தச்ச இடம் கிழிஞ்சிடும். எல்லாம் நல்லபடியா போனா முப்பத்தாறு வாரத்துல நானே பிரிப்பேன். அது எந்த மாசமா இருந்தாலும் சரி.”

டாக்டர் இவ்வளவு சொன்னதில் சரளா ஒரே ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வலி எடுத்தால் பிரித்துவிடுவார்கள்.

மறுநாளே வீட்டுக்கு அன்னாசி வந்தது. இத்தனை மாதமாக வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்த பழம், கூடை கூடையாக வந்து இறங்கியது. அன்னாசிப் பச்சடி, அன்னாசி ரசம், அன்னாசிக் கேசரி. நல்லவேளையாக அன்னாசி தின்று பிரசவம் ஆனவர்கள் சரளாவின் கற்பனைக்கு வெளியே கிடையாது. தினேஸ்வரி ஒன்றையும் தொடாமல் அத்தனையையும் வேலிக்கு மேலாக அக்கம்பக்கத்துக்கு வினியோகம் செய்தாள். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லார் நாக்கும் புண். வம்பு பேச ஆளில்லாமல், எதிர்வீட்டுக் கடிகாரத்தின் ஓசை முதல்முறையாக எல்லாருக்கும் கேட்டது.

அன்னாசி தோற்றதும் சரளா வேறு வழி பிடித்தார். பங்குனி முடிய ஒரு வாரம் இருக்கும். காலையில் மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாத வாஞ்சையோடு ஒரு டம்ளரை நீட்டினார்.

“முகமெல்லாம் வாடிக் கெடக்கு. வாயுவா இருக்கும். இஞ்சிக் காப்பி போட்டேன், குடிமா.”

‘மா’ என்ற சொல்லைக் கேட்டே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் கேட்காத சொல். அந்த மயக்கத்தில் குடித்துவிட்டாள். கடைசி வாயில்தான் உதட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அரைநாளைக்குள் வயிறு கடைந்தது. கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து களைத்தவளுக்கு, பிறகு அந்தக் கடைசல் வேறு மாதிரி மாறியது. வயிறு கல்லாக இறுகும், விடும், மறுபடி இறுகும். பவித்ரனைப் போனில் கூப்பிட்டாள். அவன் வேலைச் சட்டையோடு வந்து காரை எடுத்தான்.

முன் இருக்கையில் சரளா ஏறிக்கொண்டார். மடியில் குழந்தைத் துணிகள் அடங்கிய பை, முன்னமே கட்டி வைத்தது. கார் புறப்பட்டதும் அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான். பங்குனிக்குள்ளயே ஆயிடும் போல.”

பின் இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தினேஸ்வரி அதைக் கேட்டாள். அவள் பேசாமல் இருந்தால் உடன் பயணம் செய்கிறவர்கள் பயப்படவேண்டும். அவளுடைய மாணவர்களுக்கு இது தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஜிதா சோதித்துப் பார்த்தார். “தையல் இன்னும் பிடிச்சிருக்கு. வாய் திறக்கல. திடீர்னு ஏன் இறுகுது? என்ன சாப்பிட்டீங்க?”

“காப்பி. அத்தை போட்டது. எண்ணெ மெதந்துச்சு.”

எல்லாரும் சரளாவைப் பார்த்தார்கள். அவர் பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினார்.

“வெளக்கெண்ணதான். ஒரே ஒரு கரண்டி. வயிறு சுத்தமாகட்டும்னு.”

“வயிறு சுத்தமாகும். பிள்ளைங்களும் சேந்து வந்துடுவாங்க,” என்றார் டாக்டர். பிறகு கட்டிலின் பக்கம் திரும்பினார். “தினேஸ், வலிய அடக்க மருந்து தாரேன். ஒருவேளை அடங்காம போனா பிள்ளைங்க நுரையீரலுக்கு உதவியா ஊசியும் போட்டுடறேன். அடங்கிட்டா தையல் அப்படியே இருக்கட்டும்.”

“வலி வந்தா பிரிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க,” என்று சரளா குறுக்கே வந்தார். “வந்துட்டு இல்ல? பிரிச்சிடுங்க டாக்டர். சித்திரை அப்பன் தெருவிலேன்னு சும்மாவா சொன்னாங்க? எம் மவன் தெருவுக்கு வந்துடுவான்.”

தினேஸ்வரி முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை.

“எங்க தோட்டத்த வித்தப்ப அத்தன குடும்பமும் சட்டி பானையோட தெருவுல நின்னுச்சு, அத்தை. எல்லாருமா சேந்து சித்திரைல பெத்தாங்க? தோட்டத்த வித்தவன் மவன் எந்த மாசத்துல பொறந்தான்னு உங்க அண்ணனக் கேட்டுச் சொல்லுங்க.”

“பாருடா இவ பேசுறத,” என்று சரளா மகனிடம் முறையிட்டார். “உன் உசுருக்குத்தான்டா நான் அலையறேன்.”

பவித்ரன் வேலைச் சட்டையில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாயைத் திறந்தான்.

“அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. மாமாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன். இனிமே இவ சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்.”

ஆறு வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு இது. அந்த அதிர்ச்சியில் ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் ஒன்று ஓரடி பின்வாங்கியதாகச் சொல்கிறார்கள். சரளா இரண்டடி பின்வாங்கியதைப் பார்த்தவர்களே இருக்கிறார்கள்.

டாக்டர், கேட்கவேண்டியவளிடம் கேட்டார். “நீங்க என்ன சொல்றீங்க தினேஸ்?”

“பிரிக்காதீங்க டாக்டர். அடக்கிப் பாப்போம்.”

வலி உடனே அடங்கிவிடவில்லை. விடியும்வரை இறுகுவதும் விடுவதுமாக இருந்தது. இறுகும்போதெல்லாம் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாம் மாதத்தில் போன பிள்ளையை நினைத்தாள். அதற்கு ஒருவரும் தையல் போடவில்லை. தீர்ப்பு மட்டும்தான் எழுதினார்கள். விடிந்த பிறகு இறுகல் இடைவெளி விட்டது. மத்தியானம் அடங்கியது. தையல் நின்றது. நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இதயத் துடிப்புகளையும் கேட்கவைத்தாள்.

பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. எல்லார் வீட்டிலும் கனி வைத்து, வேப்பம்பூப் பச்சடி செய்து, புத்தாடை உடுத்தினார்கள். கார்த்திகேசு மட்டும் அந்த வருஷம் புது வருஷத்துக்குப் பஞ்சாங்கம் படிக்கவில்லை. தொண்டைக்கட்டைக் காரணம் காட்டினார். பவித்ரனுக்குச் சமைக்கத் தெரிந்தது சோறும் டின்னில் அடைத்த சார்டின் மீனும்தான். வீடு திரும்பிய தினேஸ்வரி நாளெல்லாம் சார்டின் சாப்பிட்டாள். உலகத்தில் எந்த மாமியாரும் டின்னுக்குள் விளக்கெண்ணெய் ஊற்ற முடியாது.

சொன்னபடி முப்பத்தாறு வாரத்தில் டாக்டர் தையலைப் பிரித்தார். இரண்டாம் நாள் வலி எடுத்தது. முதலில் பெண், பிறகு ஆண். சித்திரை மாதம், சாயங்காலம், வெளியே மழை. இரண்டும் வந்த வேகத்தில் அழுதன. கண்ணாடிப் பெட்டிக்கு வேலை வைக்கவில்லை.

தகப்பன் தெருவுக்கு வரவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு மைலோ பானம் வாங்கிவரக் கடைக்குப் போனான், திரும்பி வந்தான்.

ஆனால் சரளா பிள்ளைகளைத் தொடவில்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தோஷம் கழியாமல் கையில் வாங்கக் கூடாதாம். அதற்கும் கார்த்திகேசு ஒரு வழி வைத்திருந்தார். ஆகாத நேரத்தில் பிறந்த பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, ஒருபடி தவிட்டுக்கு அடுத்தவளிடம் விற்றுவிட வேண்டும். பிறகு அவளிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பழைய வழக்கம்தான். அந்தப் பிள்ளை இந்த வீட்டில் பிறக்கவில்லை என்று விதியை ஏமாற்றுகிறார்களாம். கிரகங்கள் அவ்வளவு மக்கு என்றால் அவற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நாம் கேட்கக் கூடாது.

வாங்குகிறவளாகப் பக்கத்து வீட்டு நவமணியைப் பிடித்தார்கள். நான்கு பிள்ளைகளைப் பெற்று நான்கையும் ஆளாக்கியவள். தவிட்டுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. ஈப்போ முழுதும் தேடி, கடைசியில் கோழித்தீவனக் கடையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. முப்பது நாள் கழிந்ததும் ஒரு நல்ல நேரத்தில், கூடத்தில் இரண்டு முறத்தில் துணி விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். நவமணி தவிட்டுத் தட்டோடு நின்றாள்.

“இந்தப் பிள்ளைங்க எங்களுக்கு வேணாம்,” என்று சரளா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “வேணுங்கறவங்க தவிட்டக் குடுத்துட்டு எடுத்துக்கலாம்.”

“அக்கா, அந்தத் தட்டக் குடுங்க,” என்றாள் தினேஸ்வரி. நவமணி கையிலிருந்து அதை வாங்கி, கார்த்திகேசு விரித்துப் பிடித்திருந்த துண்டில் மொத்தத்தையும் கொட்டினாள். “சரியா இருக்கா மாமா?”

“என்னம்மா இது. பெத்தவ எப்படி வாங்குறது?”

“வேணாம்னு வித்தது நீங்க. வேணும்னு வாங்கினது நான். பெத்தவ வாங்கக் கூடாதுனு எங்க போட்டிருக்கு?”

கார்த்திகேசு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அதில் ராகு காலம் இருந்தது, எமகண்டம் இருந்தது, இதற்கு விடை இல்லை. தவிடு துண்டின் ஓட்டை வழியாக அவர் கால்மேல் கொட்டியது.

“சரி, எப்ப திருப்பித் தருவ?” என்றார் சரளா.

“எதுக்குத் திருப்பணும் அத்தை? வித்தாச்சு. உங்க மவனுக்குத் தோசமும் போச்சு. இனிமே இதுங்க என்னோடதுங்க. பாக்கணும்னா என்னைக் கேட்டுட்டுப் பாக்கலாம்.”

சரளா மகனைப் பார்த்தார். அவன் விளக்குமாற்றை எடுத்துத் தவிட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான். நவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முறத்தில் கிடந்த பெண் பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. கண்ணைத் திறந்து, குனிந்து நின்ற பாட்டியின் மூக்குத்தியைப் பார்த்தது. சரளாவின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே கொஞ்சம் முன்னால் நீண்டன. நீண்டு, பாதியில் நின்றன.

“கொஞ்சம் குடுமா,” என்றார். “பாத்துட்டுத் தாரேன்.”

தினேஸ்வரி பெண்ணை எடுத்துத் தோளில் சாய்த்து, துணியைச் சரிசெய்தாள்.

“கை கழுவிட்டு வாங்க, அத்தை.”